மண்ணில் பாதி இறங்கிய தளம்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டை வாடகை ஒப்பந்தம் 'சூட்டரேன்', அதாவது பாதி மண்ணுக்குள் இறங்கிய தளம், என்று குறித்திருந்தது. படுக்கையறை ஜன்னலின் கீழ்விளிம்பு என் மோவாய் உயரத்தில் இருந்தது. அதற்கு வெளியே வெளிச்சம் இறங்குவதற்கென்று வெட்டிய ஒரு குழி; குழியின் மேல் இரும்புக் கம்பித் தட்டு; இலையுதிர் காலம் முடியும்வரை அடியில் ஈரச் சருகு. கோடையில் நண்பகலில் ஜன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து வரும் வெப்பக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும் என்பதால், விடியற்காலையில்தான் திறப்பேன். தொலைபேசியில் 'நிலவறை' என்று சொன்னதும் அம்மா பதறிப்போனார். அந்தச் சொல் தவறு என்று எனக்குத் தெரிந்தது. சரியான சொல் கிடைக்கவில்லை.

பின்னர் கட்டட வரைபடங்களை ஆங்கிலமாக்கும் வேலை கிடைத்தபோது அதே சிக்கல் என் மேசைக்கு வந்தது. மலைச்சரிவில் நின்ற ஒரு வீட்டின் வரைபடத்தில் இருந்த 'உன்டர்கெஷாஸ்' (கீழ்த்தளம்) என்ற ஜெர்மன் சொல்லை 'பேஸ்மென்ட்' என்று எழுதி அனுப்பினேன். லண்டனிலிருந்து வீடு வாங்க வந்தவர், வெளிச்சமில்லாத இடத்தில் எப்படி இரண்டு படுக்கையறைகள் வைத்தீர்கள் என்று கேட்டார். குறுக்குவெட்டுப் படத்தை விரித்துப் பார்த்தேன். தெருப்பக்கம் அந்தத் தளம் முழுவதும் மண்ணுக்குள் இருந்தது. தோட்டப்பக்கமோ சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவுகள். லண்டன்காரர் இதை 'லோயர் கிரவுண்ட் ஃப்ளோர்' என்றிருப்பார்.

ஜெர்மனியின் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு, தளத்தின் தரை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்பதில்லை. அந்தத் தளத்தின் உட்கூரையின் மேல்விளிம்பு சுற்று நிலமட்டத்திலிருந்து சராசரியாக 1.40 மீட்டருக்கு மேல் எழுந்திருந்தால் அது நிலத்துக்கு மேற்பட்ட தளம், இல்லையேல் 'கெல்லர்கெஷாஸ்', அதாவது நிலவறைத் தளம். அதை ஒலியொப்புமையால் 'செல்லர்' என்று எழுதிவிடுவது ஆபத்து. நியூயார்க் நகரில் உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் 'செல்லர்'; பாதியாவது மேலே இருந்தால் 'பேஸ்மென்ட்'. குடியிருக்கலாமா என்ற கேள்வியே அந்தப் பாதி அளவைப் பொறுத்தது.

'சூட்டரேன்' பாதி வெளியே எழுந்து நிற்பதால், அதற்கு மேலுள்ள தளம் சில படிகள் உயர்ந்து 'ஹோஹ்பார்ட்டேர்' (உயர்த்திய தரைத்தளம்) ஆகிறது. ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மற்றதை மொழிபெயர்க்க முடியாது.

இப்போதெல்லாம் அகராதிக்கு முன் குறுக்குவெட்டுப் படத்தில் நிலமட்டக் கோட்டைத் தேடுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் வரைபடத்திலுள்ள ஜெர்மன் சொற்சுருக்கத்தையும், அந்தத் தளத்தின் உட்கூரை நிலத்துக்கு மேல் எத்தனை மீட்டர் நிற்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.