“பிரேக் பிடிக்கலை!” என்று அலறிய அதிபர்

இளநீல நிறம், இரண்டு கதவு, மடக்கி வைக்கிற மேற்கூரை. முன்னால் நின்று பார்த்தால் பழைய ஐரோப்பியக் கார்களில் ஒன்று, அவ்வளவுதான். பின்பக்கம் போய்க் குனிந்தால்தான் விஷயம் தெரியும். பம்பருக்குக் கீழே, படகில் இருப்பதுபோல இரண்டு சுழல்விசிறிகள். ஆம்பிகார் என்று பெயர், 1960களில் மேற்கு ஜெர்மனியில் செய்தது. தரையில் மணிக்கு 70 மைல் போகும், தண்ணீரில் 8 மைல் போல. ஏரியில் இறங்கிவிட்டால் முன்சக்கரங்களே சுக்கான்.

இதன் சொந்தக்காரர் லிண்டன் ஜான்சன், அமெரிக்காவின் 36ஆவது அதிபர். டெக்சஸில் இருக்கும் தன் பண்ணைக்கு வருகிற விருந்தாளிகளை இதில் ஏற்றிக்கொள்வார். இது என்ன வண்டி என்று மட்டும் மூச்சுவிட மாட்டார். ஏரியைப் பார்த்துச் சரிவில் இறங்கும்போது, “ஐயோ, பிரேக் பிடிக்கலை! தண்ணிக்குள்ள போறோம்!” என்று அலறுவார். 1965இல் புதிதாக வெள்ளை மாளிகை வேலையில் சேர்ந்திருந்த ஜோசப் கலிஃபானோ இதை நம்பி, காரிலிருந்து வெளியே பாயப் பார்த்தார். கார் சமர்த்தாக மிதந்தது. “அதிபரைக் காப்பாத்தணும்னு தோணுச்சா பாரு, தான் தப்பிச்சாப் போதும்னு ஓடப் பாக்குறான்” என்று ஜான்சன் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

அமெரிக்க அதிபர்களின் விசித்திரப் பழக்கங்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு பட்டியல் சுற்றும். ஜான் குவின்சி ஆடம்ஸ் விடியற்காலையில் பொட்டோமாக் ஆற்றில் துணியில்லாமல் நீந்துவார், கூலிட்ஜ் வெள்ளை மாளிகைக்குள் மின்சாரக் குதிரையில் சவாரி செய்வார் என்றெல்லாம் அதில் இருக்கும். இவை உண்மைதான். வாஷிங்டனுக்கு மரப்பல் என்பது மட்டும் கட்டுக்கதை. அவர் பல்செட்டில் இருந்தது நீர்யானைத் தந்தமும் ஈயமும் மனிதர்களின் பற்களும். என்னைக் கேட்டால் இவர்கள் எல்லாரும் ஜான்சனுக்கு முன்னால் சாதுக்கள்.

தம்பி ஆஸ்டினில் இருக்கிறான். பண்ணைக்குப் போகலாம் என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அக்கா, சான் அன்டோனியோ போலாம். ஆறு இருக்கு, படகு இருக்கு, நல்ல சாப்பாடு இருக்கு. செத்துப்போன அதிபரோட மாட்டுத்தொழுவத்தைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தே?” என்றான். ஆனாலும் ஓட்டினான், பாவம்.

ஆஸ்டினிலிருந்து 290ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். நகரம் முடிந்ததும் சுண்ணாம்புக்கல் மேடுகள், குட்டை ஓக் மரங்கள், முள்வேலி, மாடு. ஹில் கண்ட்ரி என்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானலை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், இது வறண்ட மேடு. சுமார் 50 மைலில் ஜான்சன் சிட்டி வரும். அதிபரின் நினைவாக வைத்த பெயர் என்று தோன்றும். உண்மையில் அவர் பிறப்பதற்கு முன்பே அவர் குடும்பத்து உறவினர் ஒருவர் உண்டாக்கிய ஊர். சிறுவயதில் ஜான்சன் வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. பண்ணையைப் பார்க்க இன்னும் 15 மைல் போல ஸ்டோன்வால் பக்கம் போக வேண்டும். ஸ்டோன்வால் பீச் பழத்துக்குப் பேர்போனது. கோடையில் போனால் சாலையோரம் முழுக்கப் பழக்கடை. ஒரு கூடை வாங்கிப் பின்சீட்டில் வைத்தோம். பண்ணை வாசலை எட்டுவதற்குள் பாதி காலி. தம்பியின் கோபமும் அத்தோடு சரி.

சாலையோரத்தில் இருக்கும் மாநிலப் பூங்கா அலுவலகத்தில் இலவசமாக ஒரு பெர்மிட் தருகிறார்கள். அதைக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு நாமே பண்ணைக்குள் ஓட்டிப் போகலாம். பெடர்னாலஸ் ஆற்றைத் தாண்டியதும் அவர் நான்கு வயதில் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். 1965 ஏப்ரலில் பள்ளிக் கல்விக்கான பெரிய நிதியுதவிச் சட்டத்தில் இந்த வாசலில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது தனக்கு முதன்முதலில் பாடம் சொன்ன டீச்சரை. அடுத்து அவர் பிறந்த வீடு. இடிந்துபோனதை அதிபரான பிறகு அவரே திரும்பக் கட்ட வைத்தார், அதையும் விருந்தினர் விடுதியாக்கிக்கொண்டார். அப்புறம் குடும்பக் கல்லறை. அவரும் மனைவி லேடி பேர்டும் அங்கேதான் அடக்கம்.

இனிஷியல் சமாச்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் லிண்டன் பெய்ன்ஸ் ஜான்சன், எல்.பி.ஜே. மனைவி லேடி பேர்ட் ஜான்சன், எல்.பி.ஜே. மகள்கள் லிண்டா பேர்ட் ஜான்சன், லூசி பெய்ன்ஸ் ஜான்சன். நாய்க்குட்டிக்குக்கூட லிட்டில் பீகிள் ஜான்சன் என்று பெயர்.

விமானக் கொட்டகைப் பக்கம் வந்தபோதுதான் தம்பிக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே விமான ஓடுபாதை! அதிபரின் பெரிய போயிங், அதாவது ஏர்ஃபோர்ஸ் ஒன், இங்கே இறங்க முடியாது. அதை ஆஸ்டினில் நிறுத்திவிட்டு, சின்ன ஜெட்ஸ்டார் விமானத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குவார். இந்தச் சின்னதற்கு அவர் வைத்த பெயர் ‘ஏர்ஃபோர்ஸ் ஒன் ஹாஃப்’, அதாவது அரை ஏர்ஃபோர்ஸ் ஒன். அப்படி ஒரு விமானம் இன்றும் அங்கே நிற்கிறது. தரையில் வந்து இறங்கிவிட்டால் லிங்கன் கான்டினென்டல் காரை அவரே ஓட்டுவார். 1964 ஈஸ்டர் சமயத்தில் பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு 90 மைலில் பறந்திருக்கிறார், கையில் பேப்பர் கப்பில் பீர். வேகத்தைப் பார்த்து ஒருவர் பதறியதும் தலையிலிருந்த பெரிய தொப்பியைக் கழற்றி ஸ்பீடாமீட்டரை மூடிவிட்டார். குடிக்கிற கப் காலியானால் காருக்கு வெளியே கையை நீட்டிப் பனிக்கட்டியைக் குலுக்குவார். பின்னால் வரும் பாதுகாப்புப் படை ஆள் இறங்கி ஓடிவந்து, வாங்கிக்கொண்டு போய் நிரப்பித் தர வேண்டும். அதிபரைக் குண்டடியிலிருந்து காக்கப் பயிற்சி எடுத்தவர்கள் செய்த வேலை இது.

பண்ணை வீட்டுக்குள் எங்களால் போக முடியவில்லை. கட்டடத்தில் கோளாறு என்று 2018இல் மூடியிருந்தார்கள். வெளியே நடைபாதையில் பதித்த சிமென்ட் பலகைகளில் விருந்தாளிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றோம். வந்தவர்களை ஈரச் சிமென்டில் கையெழுத்துப் போடவைப்பது ஜான்சனின் இன்னொரு வழக்கம். உள்ளே சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு தொலைபேசி உண்டு. விருந்தாளி வாயில் கவளத்தோடு இருக்கும்போதே இவர் யாரையாவது அழைத்துப் பேசிக்கொண்டிருப்பார். மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்தியும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று பெட்டிகள். வாஷிங்டனிலும் இதே கதைதான். கழிப்பறைக்குள் போனாலும் பேச்சு நிற்காது, அதிகாரிகள் பின்னாலேயே போய்க் குறிப்பெடுக்க வேண்டும்.

வெள்ளை மாளிகையில் குளியலறை ஷவரின் வேகம் போதவில்லை என்று ஊழியர்களைப் படுத்திய பாட்டைத் தனிக் கதையாகவே எழுதலாம். தீயணைப்புக் குழாய் மாதிரி பீய்ச்ச வேண்டும், பல திசைகளிலிருந்தும் பீய்ச்ச வேண்டும், கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். குழாய்க்காரர்கள் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். அடுத்து வந்த நிக்சன் அதை முதலில் கழற்றச் சொன்னார். இவ்வளவு தண்ணீரைச் செலவழித்த மனிதர், யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தானே போய் அணைப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தன்னை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவருடைய கோணங்கித்தனம் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பரிசாக எலெக்ட்ரிக் டூத்பிரஷ் கொடுப்பது அவர் வழக்கம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் என்னை நினைப்பார்கள் அல்லவா என்று, தன் வரலாற்றை எழுதியவரிடம் அவரே காரணம் சொன்னார். பதவி போன பின்பு நிர்வகிக்க நாடு இல்லை, கோழி இருந்தது. இன்றைக்கு எத்தனை முட்டை, நேற்றைவிட ஏன் குறைந்தது என்று பண்ணை ஆட்களிடம் கணக்குக் கேட்டிருக்கிறார். அதிபராக இருந்தபோதும் வெள்ளை மாளிகையிலிருந்து பண்ணைக்குப் போன் போட்டு மழை பெய்ததா, மாடு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

இந்த மழை விசாரிப்பு டெக்சஸோடு நின்றிருந்தால் நமக்கென்ன வந்தது! நிற்கவில்லை.

1965, 66 இரண்டு ஆண்டும் இந்தியாவில் மழை பொய்த்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவுதவித் திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்த காலம். கப்பல் வந்தால் ரேஷன், வராவிட்டால் இல்லை. ரேஷன் கோதுமையை ரவையாக உடைத்து உப்புமா கிண்டிய கதையை எங்கள் அம்மா இன்றும் சொல்வார். அந்தக் கோதுமையை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் சிறுகச் சிறுக, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு விட்டவர் ஜான்சன்தான். முதலில் உங்கள் விவசாயத்தைச் சீர்செய்யுங்கள், அப்புறம் அடுத்த கப்பல் என்பது அவர் கணக்கு. வியட்நாம் போரை டெல்லி குறை சொன்னதும் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்பதெல்லாம் அப்போது தனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று பின்னால் தன் நினைவுகளில் எழுதினார். முட்டைக் கணக்குக் கேட்ட அதே ஆள்தான்.

நம் தரப்பில் இவருக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து உடன்பாடு செய்துகொண்டார். மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தார். டெல்லியில் தன் அமைச்சர் பங்களாவின் புல்வெளியைக் கொத்திப்போட்டு அதிலும் கோதுமை விதைத்தார். சீர்திருத்தம் ஜான்சன் சொல்லித்தான் வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், சுப்பிரமணியம் அந்த வேலையை முன்னமே தொடங்கிவிட்டார். பசித்த ஊரை மாதக்கணக்கில் காக்கவைத்ததை என்னால் கோணங்கித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. அதே சமயம், அந்தப் பஞ்சத்தில் அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனபோது, இந்தியத் தூதர் பி.கே. நேரு வீட்டு விருந்துக்கு முன்னால் ஜான்சன் தலைகாட்டிவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. வந்தவர் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார், சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. தூதர் வீட்டில் பந்தி வரிசையையே மாற்றிப்போட வேண்டியதாயிற்று.

கராச்சி ஒட்டக வண்டிக்காரர் கதை இன்னும் வேடிக்கை. 1961இல் துணை அதிபராகக் கராச்சி போன ஜான்சன் வழியில் வண்டியை நிறுத்தி, பஷீர் அகமது என்ற ஒட்டக வண்டிக்காரரிடம் கைகுலுக்கி, அமெரிக்கா வந்தால் பார்க்க வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொல்லிவைத்தார். பத்திரிகைகள் அதை நிஜ அழைப்பாகவே எழுதிவிட்டன. சரி என்று அதே ஆண்டு அக்டோபரில் அவரை வரவழைத்து இந்தப் பண்ணையிலேயே விருந்து வைத்தார். திரும்பும் வழியில் மக்கா போகவும் ஏற்பாடு. ஊருக்குப் போனால் ஓட்ட ஒரு டிரக்கும் கிடைத்தது.

மறுநாள் ஆஸ்டினில் ஜான்சன் நூலகம். வெள்ளை மாளிகையில் அதிபர் உட்காரும் ஓவல் அலுவலகத்தை எட்டில் ஏழு பங்கு அளவில் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். வாயை அசைத்து ஜோக் சொல்லும் பொம்மை ஜான்சன் ஒன்று நிற்கிறது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இதைவிட ஒலிப்பதிவுகள் உத்தமம். தன் தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவு செய்யும் பழக்கம் ஜான்சனுக்கு உண்டு, 600 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. அதில் தம்பிக்குப் பிடித்தது 1964 ஆகஸ்ட் 9ஆம் தேதி பதிவு. வியட்நாம் போருக்கு வழிதிறந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி இரண்டே நாள் ஆகியிருந்தது. ஜான்சன் அழைத்தது டல்லஸ் நகரில் பேன்ட் தைக்கும் ஹேகர் கம்பெனி முதலாளியை.

இணையத்தில் அதைத் தேடி எடுத்துக் காரில் போட்டோம். போன தடவை அனுப்பிய பேன்ட் நன்றாக இருந்தது, இன்னும் சில வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். உட்கார்ந்தால் பையிலிருந்து காசும் பேனாக்கத்தியும் விழுகின்றன, பையை இன்னும் ஓர் அங்குலம் ஆழமாக வை. என் எடை ஏறி ஏறி இறங்கும், இடுப்பில் பிரித்துவிடத் துணி விடு. அப்புறம் கவட்டையில் எங்கே பிடிக்கிறது, ஜிப் எங்கே முடிய வேண்டும், எதற்கு இடம் விட வேண்டும் என்று விவரமாகப் போகிறார். இங்கே எழுத முடியாத விவரம். கம்பி வேலிமேல் உட்கார்ந்து சவாரி செய்வதுபோல இருக்கிறதாம். மறுமுனையில் முதலாளி பெரும்பாலும் ‘யெஸ் சார்’ என்றுதான் சொல்கிறார்.

“நம்ம பெரியப்பா டெய்லர் கடையில நிக்கிற மாதிரியே இருக்குக்கா, திரும்பப் போடு” என்றான் தம்பி. போட்டேன். நடுவில் ஓர் இடத்தில் அதிபர் சத்தமாக ஏப்பம் விடுகிறார். அதையும் வெட்டாமல் ஆவணமாக வைத்திருக்கிறார்கள்.