விடியலா, அந்தியா?

மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். அந்த வானம் விடியலுடையதா, அந்தியுடையதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பெர்லினில் ஆல்ட்டே நேஷனல்கேலரி என்ற அருங்காட்சியகத்தில் இருக்கும், ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் ‘ஓக் காட்டில் மடாலயம்’ ஓவியத்தைச் சொல்கிறேன். 1809-10இல் வரைந்தது. 1810இல் பிரஷ்ய மன்னர் இதையும் அவருடைய இன்னொரு ஓவியமான ‘கடலோரத் துறவி’யையும் சேர்த்து வாங்கினார், இன்றும் இரண்டும் ஜோடிதான். பனி மூடிய இடுகாடு, மொட்டை ஓக் மரங்கள், இடிந்த தேவாலயத்தின் ஒற்றைச் சுவர். அதன் வாசலை நோக்கித் துறவிகள் சவப்பெட்டியைச் சுமந்து போகிறார்கள்.

போனில் பார்த்தபோது கீழ்ப்பாதி வெறும் கறுப்பு. நேரில் அப்படி இல்லை. கண் முதலில் வெளிறிய மஞ்சள் வானத்துக்குத்தான் ஓடுகிறது. அங்கே நூல்போல ஒரு பிறை. பொறுத்து நின்றால், படம் ஓடும் கொட்டகைக்குள் தாமதமாக நுழைந்தவருக்கு நாற்காலிகள் தெரியவருவதுபோல, கீழே ஒவ்வொன்றாக வருகின்றன: சிலுவைகள், துறவிகள், முன்னால் வெட்டிய குழி. வாசலில் இரண்டு சின்ன விளக்குகள் இருப்பதை இரண்டாம் தடவைதான் பார்த்தேன்.

அந்த வெளிச்சம் யார் மேலும் விழவில்லை. எல்லாம் மரங்களுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. அதனால் மேலே ஒவ்வொரு சுள்ளியும் கீறியதுபோலத் தெளிவு. கீழே மனிதர்கள் மூடுபனியில் கரைந்து கிடக்கிறார்கள். வானத்துக்கும் தரைக்கும் நடுவில் கண் ஏறிப்போக ஒரு படிகூட அவர் வைக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான்.

சுவர் கற்பனையல்ல, அவர் பிறந்த கிரைஃப்ஸ்வால்ட் ஊருக்குப் பக்கத்து எல்டேனா மடத்தின் இடிபாடு. அவருக்குப் பதின்மூன்று வயதில், 1787இல், தம்பி நீரில் மூழ்கி இறந்தான். ஓவியத்துக்கு அதுதான் பொருள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழியைப் பார்க்கும்போது நினைவு வராமலும் இல்லை.

மூன்றாம் முறை அம்மாவைக் கூட்டிப்போனேன். வெகுநேரம் பார்த்தாள். “விடியப்போகுது” என்றாள், சந்தேகமே இல்லாமல். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஏண்டி, குழி இங்க இருக்கு. பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்த வாசலுக்கு ஏன் போறாங்க?”

அவள் கேட்கும்வரை அதை நான் பார்த்திருக்கவில்லை.