எலுமிச்சை பச்சையாக இருக்கும்

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் பிறந்தவளுக்கு எலுமிச்சை எது என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியதாயிற்று. சொல்லித்தந்தவன் என் சித்தி மகன். மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து எங்கள் ஜெர்சி சிட்டி வீட்டில் இறங்கிப் பதினைந்து நாள்கூட ஆகாதவன். ஊறுகாய்க்கென்று தடித்த தோலுள்ள மஞ்சள் பழங்களைக் கடையில் நான் பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது, “அக்கா, இது வேற பழம்க்கா. நம்ம ஊரு எலுமிச்சைக்கு இங்க லைம்னு பேரு. அந்தா பச்சையா கெடக்கு பாருங்க” என்றான். “எனக்குத் தெரியாதாலே?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஊறுகாய் கசந்ததற்கு இந்த நாட்டின் உப்பையும் வெயிலையும் பழித்து வந்தவள் நான்.

அன்றிரவு படுத்த பிறகுதான், நான் சொன்ன அந்தச் சொல்லை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றிற்று. எழுந்துபோய் ஆர்தர் மில்லரின் ‘எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்’ நாடகத்தை எடுத்தேன். புரூக்ளினின் ரெட் ஹூக் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் எட்டி கார்போனின் வீட்டுக்கு, அவன் மனைவியின் உறவினர்களான மார்க்கோவும் ரொடால்ஃபோவும் சிசிலியிலிருந்து கள்ளத்தனமாக வந்து தங்குகிறார்கள். ஆரஞ்சுப் பழத்துக்குச் சாயம் பூசுகிறார்களாமே என்று எட்டி பேச்செடுக்க, இத்தாலியில் ஆரஞ்சு ஆரஞ்சு நிறமாகவே இருக்கும் என்கிறான் மார்க்கோ. எலுமிச்சைதான் பச்சை என்று ரொடால்ஃபோ சேர்த்துக்கொள்கிறான். எட்டிக்குச் சுருக்கென்கிறது. எலுமிச்சை பச்சை என்று எனக்குத் தெரியாதா என்று சீறுகிறான். தன் வீட்டில் தன் சோற்றைத் தின்பவன் தனக்கே பாடம் எடுப்பதா என்ற எரிச்சலை இரண்டு பழங்களைக் கொண்டே காட்டிவிடுகிறார் மில்லர்.

பாளையங்கோட்டையில் முதுகலை படித்தபோது எங்களுக்குப் பாடமாக இருந்தது அவருடைய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’. அதை வழிகாட்டி நூலின் துணையோடு தேர்வுக்காகப் படித்தேன். இதை நூலகத்தில் எனக்காகப் படித்தேன். 1955-இல் ஓரங்கமாக எழுதி, அடுத்த ஆண்டு ஈரங்கமாக அவர் விரித்த இந்த நாடகம்தான் அவருடையவற்றில் எனக்கு மிகப் பிடித்தது. அந்த வயதில் நான் மார்க்கோவின் கட்சி. பிள்ளைகள் பட்டினி கிடக்க, மூத்தவனுக்கு நெஞ்சில் நோய் இருக்க, அங்கேயே இருந்தால் அவர்கள் வளரவே மாட்டார்கள், வெயிலைத்தான் தின்கிறார்கள் என்று அவன் சொல்லும் இடத்தில் நூலகத்திலேயே அழுதிருக்கிறேன். எத்தனை காலம் இருப்பாய் என்று கேட்டால், நான்கு, ஐந்து, ஆறு ஆண்டுகள் என்று தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுவான். 2013-இல் விமான நிலையத்தில் அம்மா இதே கேள்வியைக் கேட்டபோது, “ரெண்டே வருசம்மா” என்று தயங்காமல் சொன்னவள் நான். மார்க்கோ என்னைவிட நேர்மையானவன்.

இந்த முறை படிக்கையில் மார்க்கோவைத் தேடிப்போன நான் எட்டியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். முதலங்கத்தின் முடிவில் ஒரு நாற்காலியின் ஒற்றைக் காலைப் பிடித்து அதை ஒரே கையால் தலைக்குமேல் தூக்கி எட்டிக்கு எச்சரிக்கையாகக் காட்டுவான் மார்க்கோ. முன்பு அந்த இடத்தில் கைதட்டத் தோன்றும். இப்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயமாக இருந்தது. எட்டியைப்போல், வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யும் அளவுக்கு நான் கெட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் முறையான விசாவில் வந்திருக்கிறான்.

நாடகத்தில் வழக்கறிஞர் அல்ஃபியேரி, ரெட் ஹூக்கை உலகத்துச் சரக்கையெல்லாம் விழுங்கும் நியூயார்க்கின் தொண்டை என்பார். அங்கே கப்பல் பட்டறை இருந்த கரையில் 2008-இலிருந்து ஐக்கியா என்ற மரச்சாமான் கடை இருக்கிறது. மில்லரை அடுக்கியிருக்கும் அலமாரியை அங்கேதான் வாங்கினேன். ஊர்க்காரியாகிவிட்டேன் என்று அன்று பெருமையாக இருந்தது. திரும்பும் படகில் காற்று முகத்தில் அடித்தபோது நினைவுக்கு வந்ததென்னவோ எங்கள் மொட்டை மாடிதான். மேற்கே மலை; கீழே எலுமிச்சைச் சந்தையின் இரைச்சல்; அம்மா அரிவாள்மனையில் பழத்தை நான்காகப் பிளந்து, கல்லுப்பைத் தூவி, ஜாடியின் வாயை வேட்டித் துணியால் கட்டி வெயிலில் வைப்பாள். தோல் மெழுகுபோலக் குழையும்வரை நாள்தோறும் ஜாடியைக் குலுக்கிவிடுவது என் வேலை.

மறுநாள் அவனையே அனுப்பி அந்தப் பச்சைப் பழங்களை வாங்கிவரச் செய்தேன். உப்புப் போட்டுச் சன்னலோரத்தில் வைத்திருக்கிறேன். “எத்தன வருசம்லே இருக்கப் போற?” என்று நேற்றுக் கேட்டேன். “படிப்பு முடியட்டும்க்கா, ரெண்டு வருசம்தான்” என்றான். பிறகு, “வெயிலு இந்தப் பக்கம் வந்துட்டுக்கா” என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே ஜாடியைத் தூக்கி அடுத்த சன்னலில் வைத்தான்.

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “மூடியத் தெறந்து துணியக் கட்டுலே” என்று மட்டும் சொன்னேன்.