பிரைஸ் கேன்யன் 241 மைல், ஃபார்மிங்டன் 263 மைல்: அரிசோனாவில் நான் மணிநேரம் சேர்த்த கதை

பிரைவேட் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று என் லாக்புக்கில் (பறந்த நேரத்தை எழுதும் பதிவேடு) 71 மணி நேரம் இருந்தது. அமெரிக்காவில் பார்ட் 61 (பைலட் லைசென்ஸ் விதிகளின் ஒரு பிரிவு) வழியில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 250 மணி நேரம் வேண்டும். நடுவில், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, கேப்டன் பொறுப்பில் 50 மணி நேர க்ராஸ் கன்ட்ரி, அதாவது வெளியூர்ப் பயணம். ஊருக்குத் திரும்பி இந்திய லைசென்ஸாக மாற்றுவதென்றால் அங்கே மொத்தம் 200 மணி நேரம், அதில் 100 கேப்டனாக, அப்புறம் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று வரும் 300 மைல் பயணம் ஒன்று. இரண்டு பட்டியலையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டவில்லை; அதன் விலை பின்னால் வருகிறது. (மைல் என்று நான் எழுதுவதெல்லாம் நாட்டிக்கல் மைல்.)

பயிற்சி ஃபீனிக்ஸில். வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 நின்றது டீர் வேலி விமான நிலையத்தில். புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 மைலுக்கு மேல் தள்ளி ஓரிடத்தில் இறங்கினால்தான் அது க்ராஸ் கன்ட்ரியாகக் கணக்கில் சேரும். டீர் வேலியிலிருந்து பிரெஸ்காட் 60 மைல். போதுமே என்று எல்லோரும் பிரெஸ்காட்டுக்குப் போய் வருவார்கள். நானும் ஐந்தாறு முறை போனேன். வழி மனப்பாடமாகிவிட்டது. ஒரு நாள் புதிதாகக் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, போன வாரத்து நேவ் லாகையே (வழி, காற்று, நேரக் கணக்கு எழுதிய தாள்) எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காற்று திரும்பியிருந்தது. 60 மைலில் ஆறு நிமிடம் தாமதம். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் நகையை வைத்து அனுப்பிய பணத்தில் எதையும் கற்காமல் பெட்ரோல் எரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அன்று உறைத்தது.

அதன் பிறகு வரைபடத்தை விரித்து, அழகான இடங்களாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன். சுற்றுலா ஆசைதான், மறைக்கவில்லை. போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. ஓரிடம் மேலிருந்து பார்க்க அழகாக இருக்கிறதென்றால் அங்கே பாறையும் பள்ளமும் உயரமும் இருக்கின்றன. 180 குதிரைத்திறன் எஞ்சினைப் படுத்தி எடுப்பதும் அவையேதான். எனவே காட்சிக்காக இடம் தேர்ந்தெடுத்தாலே பாடமும் கூடவே வந்துவிடும். கிளம்பும் முன் அந்தப் பாடம் என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

செடோனாவில் ஆரம்பியுங்கள். டீர் வேலியிலிருந்து சுமார் 70 மைல், முக்கால் மணி நேரம். செம்பாறைகளுக்கு நடுவே, தட்டையான ஒரு மேட்டின் தலையில் ஒற்றை ரன்வே. கடல் மட்டத்திலிருந்து 4,830 அடி. ரன்வே நீளம் சுமார் 5,100 அடி. மேடு முடிகிற இடத்தில் ரன்வேயும் முடிகிறது, அதற்கப்புறம் பள்ளம். விமானம் தாங்கிக் கப்பல் என்று பைலட்டுகள் கேலியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல் டவர் கிடையாது. காற்று அமைதியாக இருந்தால் ரன்வே 3-இல் இறங்கி, 21-இல் (அதே ரன்வேயின் எதிர்த் திசை) புறப்படுவது அங்கே வழக்கம்.

இந்த ரன்வே 3 ஏற்றமாகச் செல்கிறது. ஏற்றமான ரன்வேயைப் பார்த்தால் நாம் அதிக உயரத்தில் வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். தோன்றியதும் கை தானாக பவரைக் குறைக்கும், விமானம் தாழ்வாக வரும். அதே நேரம் மேட்டின் விளிம்பில் மோதி இறங்கும் காற்று விமானத்தைக் கீழே இழுக்கும். அதாவது கண் செய்யும் தவறும் காற்று செய்யும் வேலையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன, கீழ்ப்பக்கம். ஏமாற்று வித்தை என்று படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் முதல் முறை பவரைக் குறைத்தேன். விளிம்பு நெருங்கும்போது ரன்வே ஆரம்பம் கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இறங்காமல் மறுபடி மேலே ஏறி, கோ அரவுண்ட் எடுத்துவிட்டேன். தயவுசெய்து இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

செடோனாவில் இன்னொன்று, வெயில். 35 டிகிரி நாளில் அந்த உயரத்தில் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்று மெலிவதால் விமானம் உணரும் உயரம்) 8,400 அடி அளவுக்குப் போகும். வேக மீட்டரில் வழக்கம்போல 65 நாட் (மணிக்கு 65 நாட்டிக்கல் மைல்) காட்டும், உண்மையில் விமானம் 74 நாட் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். தரை வேகமாக ஓடுகிறதே என்று மூக்கைத் தூக்கினால் கதை முடிந்தது. மீட்டரை நம்புங்கள். புறப்படும் முன் மிக்சரை லீன் செய்யுங்கள் (நம் ஊர் மிக்சர் அல்ல, எரிபொருளும் காற்றும் கலக்கும் சிவப்புக் குமிழ்). கடல் மட்டப் பழக்கத்தில் அதை முழுதாக உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினால், ஏற்கெனவே மெலிந்த எஞ்சின் இன்னும் மூச்சுத் திணறும்.

லேக் ஹவாசு சுலபம். 783 அடி உயரம்தான், கொலராடோ ஆற்றங்கரை. லண்டனிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து 1971-இல் திறந்த பழைய லண்டன் பாலம் அந்த ஊரில் இருக்கிறது. பாலைவனத்தில் லண்டன் பாலம்! பார்க்கலாம். இரண்டாவது முறை போகும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிராண்ட் கேன்யன் வேறு கதை. 1986-இல் அங்கே சுற்றுலா ஹெலிகாப்டரும் ட்வின் ஆட்டர் விமானமும் நடுவானில் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வானத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. பெரும்பகுதிக்கு மேல் நம்மைப் போன்றவர்கள் பறக்கக் கூடாது. சில காரிடார்கள் மட்டும் திறந்திருக்கின்றன: வடக்கே போனால் 11,500 அல்லது 13,500 அடி, தெற்கே வந்தால் 10,500 அல்லது 12,500. இதற்கென்று தனி வரைபடம் உண்டு. வழக்கமான விமான வரைபடமான செக்‌ஷனலை வைத்துச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள். 172 அந்த 11,500 அடியை எட்டப் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கேன்யன் விளிம்புக்கு வந்த பிறகு ஏற ஆரம்பித்தால் எட்டவே எட்டாது. ஏற்றம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தரையிலேயே கணக்குப் போட்டு வரைபடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாடத்தில் படித்த ஏற்ற விகிதக் கணக்கு எனக்கு முதன்முதலில் உண்மையாகத் தேவைப்பட்ட இடம் இது.

சரி, அந்த விலை. கமர்ஷியலுக்கு நீண்ட பயணம் ஒன்று கட்டாயம்: மொத்தம் 300 மைலுக்குக் குறையாமல், மூன்று இடங்களில் இறங்கி, அதில் ஒன்று புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைலாவது தள்ளி இருக்க வேண்டும். நான் யூட்டாவின் பிரைஸ் கேன்யனைத் தேர்ந்தெடுத்தேன். வழியில் பேஜ் என்ற ஊர், டீர் வேலியிலிருந்து 197 மைல். கிராண்ட் கேன்யன் விதிகள் உள்ள பகுதியைத் தொடாமல் கிழக்கே ஒதுங்கிப் போக வேண்டும். லேக் பவல் ஏரியின் நீலமும் க்ளென் கேன்யன் அணையும் தெரியும்போது பேஜ் வந்துவிடும். எரிபொருள் போட்டுக்கொண்டு அங்கிருந்து 57 மைலில் பிரைஸ். 7,590 அடி உயரத்தில் ஒரு ரன்வே, பக்கத்தில் 1930-களில் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய ஹேங்கர். அன்று 25 டிகிரி. டென்சிட்டி ஆல்டிட்யூட் 10,600 அடி. எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. நான் தனியாள், டேங்க்கும் நிரப்பவில்லை, ஆனாலும் சக்கரம் தரையை விட மறுத்தது. ரன்வே 7,000 அடிக்கு மேல் நீளம் என்பதால் பிழைத்தேன் என்றே சொல்வேன். ஒரு நாள் முழுக்கப் பறந்து, சுமார் 495 மைல் முடித்துத் திரும்பி, பெருமையாக லாக்புக்கில் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து என் இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கைப் புரட்டிக்கொண்டே, பிரைஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டார். போன வழியின் மைலைச் சொன்னேன். நேர்கோட்டில் எவ்வளவு என்றார். அளந்தோம். 241. ஒன்பது மைல் குறைவு. க்ராஸ் கன்ட்ரி மணியாகச் சேரும், நீண்ட பயணமாகச் சேராது. இதில் கொடுமை என்னவென்றால், அதே பிரைஸுக்கு ஃபீனிக்ஸின் தென்கிழக்கில் உள்ள சாண்ட்லர் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டிருந்தால் 266 மைல். அங்கே பயிற்சி எடுத்த நண்பன் அந்த வழியைச் சொல்ல, புறப்படும் இடம் மாறுகிறதே என்று யோசிக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டேன். இன்ஸ்ட்ரக்டரைக் குறை சொல்ல முடியாது. என் லாக்புக், என் கணக்கு.

இது போலவே இன்னொரு பள்ளம்: செலவைப் பாதியாக்க இருவர் சேர்ந்து பறப்போம், ஒருவர் வெளியே தெரியாதபடி மறைக்கும் ஹூட் போட்டுக்கொண்டு ஓட்ட, மற்றவர் வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக இருப்பார். சேஃப்டி பைலட்டாக இருந்தவர் அந்தப் பயணத்தைத் தன் க்ராஸ் கன்ட்ரி கணக்கில் எழுத முடியாது, இறக்கியவர் அவர் அல்லவே. இந்தியாவுக்கு மாற்றப்போகிறவர்கள் அந்த மணிநேரம் அங்கே எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை பறக்கும் முன் கேட்டுவிடுங்கள், பறந்த பின் அல்ல.

இரண்டாவது நீண்ட பயணத்துக்கு நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன். டீர் வேலியிலிருந்து நேர்கோட்டில் 263. இம்முறை மூன்று பேரிடம் அளக்கச் சொன்னேன். வழியில் வின்ஸ்லோ, 104 மைல். அதற்கு முன்னால் இடப்பக்கம் விண்கல் விழுந்த பள்ளம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம், மேலிருந்து பார்த்தால் யாரோ விரலால் மண்ணில் குழித்தது போல. வின்ஸ்லோ தாண்டினால் நவஹோ பழங்குடியினரின் நிலம். ஊர் அதிகம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஃப்ளைட் ஃபாலோயிங் (கன்ட்ரோலர் ரேடாரில் நம்மைக் கவனித்துக்கொள்வது) கேட்டு வாங்கிக்கொண்டேன், பின் இருக்கையில் தண்ணீரும் கம்பளியும் வைத்திருந்தேன். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியத்துக்கு மேல் இங்கெல்லாம் இடிமேகம் கட்டும், ஃபீனிக்ஸ் பக்கம் புழுதிப்புயலும் வரும். அதனால் வெயில் ஏறும் முன் கிளம்பினேன். திரும்பும்போது மேகம் வளர ஆரம்பித்திருந்தது. ஃபார்மிங்டன் நெருங்கும்போது இடது இறக்கைக்கு அப்பால், சமவெளியிலிருந்து 1,500 அடிக்கு மேல் தனியாக நிமிர்ந்து நிற்கும் ஷிப்ராக் தெரிந்தது. நவஹோ மொழியில் அதற்குச் சிறகுள்ள பாறை என்று பெயர். இருபது மைல் தள்ளி இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

லைசென்ஸுக்கான இறுதித் தேர்வான செக்ரைடு அன்று வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் லாக்புக்கைத் திறந்து, ஃபார்மிங்டன் வரியில் விரலை வைத்தார்.

“எந்த உயரத்தில் போனாய்?”

“வின்ஸ்லோவிலிருந்து 11,500.”

“வடகிழக்கே போக 9,500-உம் சரியான உயரம்தானே? ஏன் இவ்வளவு மெனக்கெட்டு ஏறினாய்?”

வழியில் சுஸ்கா மலைத்தொடர் குறுக்கே வருகிறது, அதன் உச்சி 9,823 அடி, கோட்டிலிருந்து அது தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் காற்று மேற்கிலிருந்து அடித்தால் மலையைத் தாண்டிய பக்கத்தில் என் 172 ஏறும் வேகத்தைவிட காற்று இறங்கும் வேகம் அதிகமாக இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பி, வெயிட் அண்ட் பேலன்ஸ் தாளை எடு என்றார்.