பின்கால் குதிகால்: நாற்பது வயதில் ஷோட்டோகான் கராத்தே, ஒரு வருடக் குறிப்பு

பெரியவர்கள் கராத்தே வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே எல்லோருடைய கண்ணும் காலை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதில்தான் போகும். ஆனால் ஒரு வருடக் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பக்கங்களில் இருப்பது பின்காலின் குதிகால். முழங்கால் வலி, குத்தில் பலம் வராதது, கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்) முடியும்போது இடம் மாறி நிற்பது என்று எதைத் தேடிப் போனாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

கணக்கு இது: நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயது உடம்பு. வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். மொட்டை மாடி, சிமெண்ட் தரை. வீட்டில் தினமும் பத்து நிமிடம். டிரஸ், லேசான 8 அவுன்ஸ் பருத்தி. நம் ஊர் வெயிலுக்கு அது போதும். புதுத் துணி சுருங்கும் என்பதால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுப் போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

முதல் மாதம்

முதலில் அளவு. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்கேலை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலைச் சுவரில் தொட வையுங்கள். எவ்வளவு தள்ளி நின்றும் தொட முடிகிறதோ அதுதான் எண். பத்து சென்டிமீட்டர் வந்தால் கணுக்கால் தாராளமாக இருக்கிறது. ஐந்து ஆறிலேயே குதிகால் தூக்கிக்கொண்டால், நீளமான நிலைகளில் அந்தக் கால் ஏமாற்றும். இரண்டு காலையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும்; பலருக்கு இரண்டும் ஒன்றாக வராது.

இந்தச் சோதனை ஒன்றே போதாது. இதில் முழங்கால் மடங்கியிருக்கிறது. மடங்கிய காலில் இழுபடுவது கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை. ஜென்குட்சு டாச்சியில், அதாவது முன்கால் மடங்கி எடை முன்னே போகும் நீளமான நிலையில், பின்கால் நீட்டியிருக்கும், அங்கே இறுகுவது மேலே புடைத்துத் தெரியும் பெரிய தசை. ஆகவே இரண்டுக்கும் வேலை வேண்டும். சுவரில் கை ஊன்றிப் பின்காலை நீட்டி 30 விநாடி மூன்று முறை, அதே இடத்தில் முழங்காலைச் சற்று மடக்கி 30 விநாடி மூன்று முறை. பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை முன்னே தள்ளித் தொடையின் மேல்பகுதியை இழுப்பது, 30 விநாடி இரண்டு முறை. இரண்டு காலுக்கும் சேர்த்து எட்டு நிமிடம் ஆகும். மிச்சம் இரண்டு நிமிடம் குத்துப் பயிற்சிக்கு. இந்த நீண்ட இழுப்புகளை வகுப்புக்கு முன்னால் செய்யக்கூடாது. முன்னால் செய்ய வேண்டியது பத்து நிமிட வேக நடை, இடுப்புச் சுழற்சி, கணுக்கால் சுழற்சி. உடம்பு சூடாகிற அளவுக்கு இருந்தால் போதும்.

முஷ்டி: சுண்டுவிரலிலிருந்து மடக்கிக்கொண்டு வந்து, கட்டைவிரலை ஆட்காட்டி விரல், நடுவிரல் மேல் குறுக்காகப் பூட்ட வேண்டும். படுவது அந்த இரண்டு விரல்களின் முட்டி மட்டும். புறங்கை மேல் ஒரு ஸ்கேலை வைத்தால் முன்கையும் புறங்கையும் அதில் ஒட்ட வேண்டும். மணிக்கட்டு கீழே தொங்கினால் பேடில் (குத்திப் பழகும் மெத்தையில்) முதல் குத்திலேயே சுளுக்கும்.

காற்றில் குத்தும்போது பெரியவர்கள் செய்யும் தவறு, முழங்கையைப் படீரென்று கடைசி வரை நீட்டிப் பூட்டுவது. எதிரே பேட் இல்லாததால் அந்த வேகம் முழுவதையும் மூட்டுதான் தாங்குகிறது. இரண்டு வாரத்தில் முழங்கையின் பின்பக்கம் வலிக்கத் தொடங்கும். ஒரு விரற்கடை மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தைச் செய்வது முழங்கை அல்ல, அக்குளுக்குக் கீழே இறுகும் தசை. முழங்கை விலாவை உரசிக்கொண்டே போக வேண்டும், கை திரும்புவது கடைசிப் பங்கில்தான். இன்னொரு கை அதே நேரத்தில் இடுப்புக்கு வந்து சேர வேண்டும். இப்படிப் பின்னிழுக்கும் கையான ஹிகிதே தாமதித்தால் தோள் தூக்கிக்கொள்ளும்.

இரண்டு, மூன்றாம் மாதம்

இங்கேதான் நின்று நிதானமாக வேலை செய்ய வேண்டும். ஜென்குட்சு டாச்சிக்குப் புத்தகங்கள் சொல்லும் நீளம் ஏறக்குறைய இரண்டு தோள் அகலம். சராசரி உயரக்காரருக்குக் குதிகாலிலிருந்து குதிகால் வரை 80 செ.மீ. அளவில் வரும். அகலம் இடுப்பளவு. எடை முன்காலில் 60, பின்காலில் 40. முதல் மாதத்திலேயே 80-க்கு விரிக்கிறவர் பின்பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் அந்த நீளத்தை எட்டுகிறார். கணுக்கால் கொடுக்காத இடத்தைப் பாதம் திரும்பி ஈடுகட்டுகிறது.

அதனால் என்ன ஆகிறது என்பதைப் பெல்ட்டின் முடிச்சைப் பார்த்தாலே புரியும். பின்கால் பக்கத்துக் கையால் குத்தும் க்யாகு ஸுகியில் முடிச்சு எதிராளியை நேராகப் பார்க்க வேண்டும். பின்பாதம் 90 டிகிரி திறந்திருந்தால் முடிச்சு பாதி வழியில் நின்றுவிடும். அதற்கு மேல் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் இடுப்பு உள்ளே போகிறது, பாதம் வெளியே பார்க்கிறது, நடுவில் முழங்கால் முறுக்கப்படுகிறது. வகுப்பு முடிந்து படி இறங்கும்போது முழங்காலின் உட்பக்கம் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரிசெய்யும் வழி: தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி 65 செ.மீ.யில் தொடங்குவது. பின்பாத விரல்கள் 30 டிகிரிக்கு மேல் வெளியே போகாமல், குதிகாலும் சுண்டுவிரல் ஓரமும் தரையில் ஒட்டியிருக்க வேண்டும். அது நிலைத்த பிறகே 5 செ.மீ. கூட்டலாம். ஒரு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூட்டாதீர்கள்.

குதிகால் ஒட்டியிருக்கிறதா என்பது நிற்கிறவருக்குத் தெரியாது. அரைப்பக்கச் செய்தித்தாளைப் பின்குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குத்து முடியும் அந்தக் கணத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். தாள் முழுசாக வந்துவிட்டால் குதிகால் எழும்பியிருக்கிறது. கிழிந்தால் நிலை நன்றாக இருக்கிறது. தொடக்கத்தில் பத்துக்கு ஏழு எட்டுத் தாள் முழுசாக வருவது சாதாரணம். வாரத்துக்கு ஒரு நாள் பார்த்து எழுதி வந்தாலே போதும், அந்த எண் இறங்குவது தெரியும்.

ஓர் அடி முன்னே வைத்து அதே பக்கக் கையால் குத்தும் ஓய் ஸுகிக்கு மாடியிலேயே ஒரு கருவி இருக்கிறது: துணி காயப்போடும் கொடி. நிலையில் நின்றபடி, முடியை மட்டும் தொடும் உயரத்துக்கு அதைக் கட்டிவிட்டு, அதன் அடியிலேயே முன்னேற வேண்டும். இரண்டு பாதமும் சேரும் நடுவழியில் முழங்கால் நீண்டு உடம்பு எழும்பும், கொடி நெற்றியில் இடிக்கும். எழும்பினால் எதிராளிக்கு வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எழும்பி இறங்குவதில் முன்னே போக வேண்டிய விசையும் வீணாகிறது. குத்தும் காலும் ஒரே சமயத்தில் முடிய வேண்டும். கை முந்தினால் அது வெறும் கை பலம். கால் முந்தினால் உடம்பு நின்ற பிறகு கை தனியாகப் போகிறது.

நிலை ஆழமாக இல்லை என்று பெரியவர்கள் வருத்தப்படத் தேவையே இல்லை. ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாவிலிருந்து இந்தக் கலையைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் அங்கே செய்து காட்டியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் காலப் படங்களில் அவருடைய நிலைகள் இன்றைய போட்டி வீரர்களுடையதைவிடக் குட்டையாகவும் உயரமாகவும்தான் இருக்கின்றன. இன்று நாம் பார்க்கும் ஆழம், அவருடைய மகன் யோஷிதாகா காலத்திலும் அதற்குப் பின்னும் வளர்ந்தது. 70 செ.மீ.யில் குதிகால் ஒட்டி நிற்கும் நிலை, 85-இல் குதிகால் தூக்கி நிற்கும் நிலையைவிட எல்லா வகையிலும் மேல்.

நான்கு, ஐந்தாம் மாதம்

மாயே கெரி, அதாவது முன்னோக்கிய உதை. முழங்காலைத் தூக்கு, நீட்டு, அதே வழியில் மடக்கு, பிறகு கீழே வை. படுவது கால்விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு. விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். விரல் வளையாதவர்கள் வீட்டில் சம்மணத்துக்குப் பதில், கால்விரல்களை மடக்கி ஊன்றி முழங்காலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பழகலாம். முழங்கால் எழும்பாமல் கால் கீழிருந்தே வீசிப்போகும் பழக்கத்துக்கு மருந்து, முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்பக்கத்தைத் திருப்பி வைத்து அதன் மேலாக உதைப்பது. உயரம் பெல்ட் அளவு போதும். இந்தக் கட்டத்தில் மார்பு உயரத்துக்கு ஆசைப்பட்டால் பின்தொடை பிடித்துக்கொள்ளும், மூன்று வார வகுப்பு போய்விடும்.

பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியில் ஊன்றிய பாதம் திரும்பியே ஆக வேண்டும். சொரசொரப்பான சிமெண்ட் தரை பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே உடம்பு சுழலும்போது கீழே முழங்கால் அகப்பட்டுக்கொள்ளும். முதலில் பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டு உதை, பிறகு இரண்டையும் சேர்த்து உதை. தரை மிகவும் முரடாக இருந்தால் அன்று மவாஷி கெரி வேண்டாம்.

ஆறு முதல் எட்டு மாதம்

முதல் கட்டாவான ஹெயான் ஷோடான், 21 அசைவு. ஒக்கினாவாப் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதற்காக கராத்தே ஆசான் இத்தோசு அன்கோ அமைத்த பினான் என்ற கட்டா வரிசையிலிருந்து வந்தது. முதல் இரண்டின் வரிசையை ஃபுனகோஷி மாற்றி வைத்தார். ஆகவே ஷிட்டோ ரியு என்ற இன்னொரு கராத்தே பாணியைப் பயில்கிறவர்கள் இதைத்தான் பினான் நிடான் என்பார்கள்.

பெரியவர்கள் 21-ஐ ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். நாலாகப் பிரிப்பது நல்லது: 1 முதல் 5 வரை இரண்டு பக்கமும் போய் வருவது, 6 முதல் 9 வரை ஒரு கீழ்த்தடுப்பும் முன்னே போகும் மூன்று அகே உகேயும் (கையை மேலே தூக்கித் தடுப்பது), ஒன்பதில் கியாய் என்ற முழக்கம், 10 முதல் 17 வரை பக்கங்களும் திரும்பி வரும் மூன்று ஓய் ஸுகியும், பதினேழில் கியாய், கடைசி நாலு ஷுதோ உகே (கத்திபோல் விரித்த கையால் தடுப்பது). ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி.

தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். முடியும்போது அதே குறியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் குறிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். காரணம், போகும்போது அகே உகே. கை மேலே போகிறபோது உடம்பு பின்னே சாய்ந்து காலடி சுருங்குகிறது. வரும்போது ஓய் ஸுகி. குத்தும் ஆர்வத்தில் காலடி நீள்கிறது. போக மூன்று, வர மூன்று என்பதால் 30 செ.மீ. பின்னால் முடிந்தால் ஒரு காலடிக்குச் சராசரியாக 10 செ.மீ. வித்தியாசம். மறுபடி டேப்பை எடுத்து, அகே உகே காலடியை நீட்ட வேண்டும். ஓய் ஸுகியைக் குறைப்பது இரண்டாவது வழி.

குறியிலிருந்து பக்கவாட்டில் விலகினால் பத்தாவது, பதினெட்டாவது அசைவுகளின் 270 டிகிரித் திருப்பத்தைப் பாருங்கள். ஒன்பதாவது அசைவில் வலது கால் முன்னே இருக்கும். அதன் மேல் எடையை வைத்து, இடது கால் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். தலை முதலில் திரும்பி இடத்தைப் பார்க்கிறது, பிறகு கால், பிறகு இடுப்பு, கடைசியில் கை. கால் போகும் முன் கை வீசினால் உடம்பு சுழன்று இடது கால் அகலம் இல்லாமல் ஒரே கோட்டில் விழும், ஆள் தள்ளாடுவார். இந்தத் திருப்பத்தை மட்டும் தனியாக ஒரு நாளைக்குப் பத்து முறை செய்ய வேண்டும், பாதத்தோல் உரியாத தரையில்.

ஒன்பது முதல் பன்னிரண்டு

கோஹோன் குமிதே, இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சி: ஒருவர் ஐந்து காலடி முன்னேறித் தாக்குதல், மற்றவர் ஐந்து காலடி பின்வாங்கித் தடுப்பு, கடைசியில் அவருடைய க்யாகு ஸுகி. தடுக்கிறவர் பயத்தில் முன்னதாகவே பின்வாங்கிவிடுகிறார். எதிராளியின் குத்து எட்டாத தூரத்தில் நின்று காற்றைத் தடுக்கிறார். குத்து வந்த பிறகு நகர வேண்டும். கடைசி க்யாகு ஸுகி எட்டவில்லை என்றால், ஐந்தாவது அடியில் அளவுக்கு மீறிப் பின்னால் போயிருக்கிறார் என்று அர்த்தம். நகம் வெட்டியிருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும், ஸ்பாரிங் (சண்டைப் பயிற்சி) என்றால் பல்காப்பு கட்டாயம்.

மூச்சு: கியாய் என்பது வெளியே விடும் மூச்சு. ஒவ்வொரு குத்திலும் மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு ரத்த அழுத்தம் எகிறும், மூன்றாவது நிமிடத்தில் தலை சுற்றும்.

வலியைப் பிரித்தறிய ஒரு எளிய கணக்கு. இரண்டு பக்கமும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் தணிந்தால் தசைவலி, வகுப்புக்கு வரலாம். ஒரே பக்கம், ஒரே புள்ளியில், மூட்டை ஒட்டி வலித்து, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலோ படி இறங்கும்போதோ கூடினால் நிறுத்த வேண்டும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவர். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பெல்ட் டெஸ்டுக்கு நிற்கவே கூடாது. டெஸ்ட் மறுபடி வரும்.

பெல்ட் டெஸ்டில் பெரியவர்களிடம் கேட்பது கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா, குமிதே மூன்றும்தான், குழந்தைகளிடம் கேட்பது போலவே. அவர்கள் அசைவைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள்; பெரியவர்களுக்குக் காரணம் சொன்னால்தான் பிடிபடும், பிடிபட்டது கலையாது. தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39.

பன்னிரண்டாம் மாதக் கடைசியில் மறுபடி அதே மூன்று அளவுகள்: சுவர்ச் சோதனை, செய்தித்தாள், சாக்பீஸ் குறி. மூன்றையும் முதல் பக்கத்துக்கு எதிரே எழுத வேண்டும். சுவர் எண் இரண்டு செ.மீ. கூடியிருந்தாலே நிலையை 75-க்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது ஹெயான் நிடான், 26 அசைவு. முதல் அசைவே கொகுட்சு டாச்சியில். எடை 70 பங்கு பின்காலுக்குப் போகிறது, அந்த முழங்கால் மடங்குகிறது; இப்போது பேச வேண்டியது சோலியஸ். செய்தித்தாளை அதே குதிகாலுக்கு அடியில் மறுபடி வைத்துத் தொடங்க வேண்டும்.