பதினோரு மணிக்கு ஒரு தண்ணி மணி

பள்ளிக்கூடம் தொறந்து, முதல் பருவப் புத்தகம் கட்டுப் பிரிச்சு, சீருடை மாத்துற சந்தை முடிஞ்சு (மூணாப்புக்கு வந்த அளவு அஞ்சாப்புக்கு, அஞ்சாப்புக்கு வந்தது யாருக்கும் இல்ல) எல்லாரும் மூச்சு விடப்போற நேரத்துல தமிழ்நாட்டு அரசுகிட்டருந்து வந்துச்சு அடுத்த திட்டம். இனிமே ஒரு நாளைக்கு மூணு தடவை தண்ணி மணி. பதினொண்ணு, ஒண்ணு, மூணு. புள்ளைங்க விளையாட்டுல தண்ணி குடிக்க மறந்துடுதுங்க, மணி அடிச்சு ஞாபகப்படுத்தணும். நல்ல விஷயம், யாரும் குத்தம் சொல்லல. கேரளாவுல 2019-லயே அடிச்சுட்டாங்க.

ஆனா அவங்க எந்த மணிய அடிச்சாங்கன்னு தெரியல. நம்ம பள்ளியில இருக்கறது வேப்பமரத்துல தொங்குற தண்டவாளத் துண்டு ஒண்ணு, கூட ஒரு இரும்புக் கம்பி. அதுக்குன்னு ஒரு பாஷை இருக்கு. பாடவேளைக்கு ஒத்தை அடி. இடைவேளைக்கு ரெண்டு. சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் விடாம அடிக்கணும். அஞ்சாப்பு மாணவர் தலைவன் இருக்கானே, அவனுக்கு ஒத்தை அடின்னாலே மனசு ஒப்பாது. "டேய், பதினோரு மணிக்கு மணி அடிச்சுடு"ன்னு மட்டும்தான் அவன்கிட்ட சொல்லியிருக்கு. எப்படி அடிக்கணும்னு யாரும் சொல்லல. அவன் ஒரு வருஷமா காத்துக்கிட்டிருந்த மாதிரி அடிச்சான்.

அடுத்த ரெண்டாவது நிமிஷம் முப்பத்தெட்டுப் புள்ளைங்கள்ல முப்பது பேர் தட்டோட சத்துணவுக் கூடத்து வாசல்ல வரிசையில. சமையல் அக்கா அப்பத்தான் பருப்ப ஏத்திட்டு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. முட்டை வெந்து அன்னக்கூடையில கெடக்கு, ஒண்ணு கூட உரிக்கல. "மணி என்னடா ஆவுது? காலையில எட்டேகாலுக்குக் கிச்சடி தின்னீங்களே, அது எங்கடா போச்சு?" கேள்வி நியாயம். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்ல, முன்னாடி நிக்கிறவன் தட்ட நீட்டிட்டான்.

மீதி எட்டு பேர் ஒண்ணாப்பு. அதுங்களுக்கு நீள மணின்னா ஒரே அர்த்தம், வீடு. பைய மாட்டிக்கிட்டு நேரா கேட்டுக்கு. கேட்டுக்கு எதிர் வீட்டு ஆயா வெளிய வந்து பார்த்துட்டு, "பதினோரு மணிக்கே வுட்டுட்டீங்கன்னா நான் எப்பிடி நூறு நாள் வேலைக்குப் போறது?"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி ஆரம்பிச்சுட்டாங்க. சரி பண்றதுக்குள்ள 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புல, புள்ளைங்க படிக்கிற நிலைக்கேத்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்ச மூணு குழுவும் கலந்து ஒரே பூமாலை. பருவ ஆரம்ப மதிப்பீடு வேற அந்த வாரம்தான். டேப்லெட்டுல பாதிக் கேள்வியில நிறுத்தின புள்ளைய மறுபடி புடிச்சு உக்கார வைக்கறதுக்குள்ள நெட்வொர்க் போயிடும்.

இதெல்லாம் ரெண்டு வாத்தியார் பள்ளி. ஒண்ணு, ரெண்டு, மூணு ஒருத்தர்கிட்ட. நாலு, அஞ்சு தலைமை ஆசிரியர்கிட்ட. தலைமை ஆசிரியர்னா எமிஸ் (பள்ளி, புள்ளைங்க விவரமெல்லாம் ஏத்துற இணையதளம்), வருகைப்பதிவு, அரிசிக் கணக்கு, பள்ளி மாறுற புள்ளைங்க பேர விடுற பொதுத் தொகுப்புக்கு ஒரு தனியார் பள்ளி விடாம வச்சிருக்குற ஒரே ஒரு புள்ளையோட பேரு, அதுக்கு ஃபோன், ஃபோனுக்கு மேல ஃபோன். ஒரு பள்ளிக்கு எத்தனை வாத்தியார்னு முடிவு பண்ற ஆகஸ்ட் 1 எண்ணிக்கைக்குள்ள அந்தப் பேரு நம்ம பக்கம் வந்தாகணும். அவர்கிட்ட போய் மணிப் பிரச்சினைன்னா "வேற எதையாவது அடிங்க"ன்னுதான் சொல்லுவாரு.

அடிச்சாச்சு. மறுநாள் தண்டவாளத்த விட்டுட்டு ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்தாங்க. தட்டும் கரண்டியும்! இந்த யோசனை யாருக்கு வந்துச்சுன்னு இன்னும் விசாரணை நடக்குது. நேத்து வராத ஒண்ணாப்பும் இன்னைக்கு சாப்பாட்டு வரிசைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் விசில். விசில்னா விளையாட்டு, பசங்க மைதானத்துல. ஒரு மணிக்கு அடிச்சா இன்னும் மோசம்: அது சாப்பாட்டு நேரத்துக்குள்ளயே வருது, தட்டு கழுவிட்டு வர்றவன் மணியக் கேட்டு, ரெண்டாவது முட்டை போடுறாங்கன்னு திரும்பி ஓடுறான்.

கடைசியில ஜெயிச்சது மணியே இல்ல. நாலாப்புப் புள்ளை ஒண்ணு தன் தண்ணி பாட்டில தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம ரெண்டு வகுப்பையும் ஒரு சுத்து சுத்தி வரும். பாட்டிலப் பாத்ததும் இருந்த இடத்துலயே குடிக்கணும், எழுந்திரிக்கக் கூடாது. பாட்டில் இல்லாத பதினாலு பேருக்கு மட்டும் குழாய். ரெண்டு குழாய், ஆளுக்குப் பத்து செகண்டுன்னா ஒண்ணேகால் நிமிஷத்துல முடியும். முப்பத்தெட்டு பேரையும் குழாய்க்கு அனுப்பினா மூணு நிமிஷத்துக்கு மேல, அதுல தள்ளுமுள்ளு தனி. புதுசா ஆரம்பிக்கிற பள்ளிங்க முதல்ல பாட்டில் கணக்கெடுங்க, அப்புறம் மணியப் பத்தி யோசிங்க.

தொட்டியும் ஒரு கதை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ், அதுக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர். பொட்டலத்த அப்படியே தொட்டியில கொட்டுனா அடியில கட்டியா நிக்கும், அன்னைக்குக் குழாயத் தொறந்தா ஆஸ்பத்திரி வாசனை. ஒரு வாளித் தண்ணியில கரைச்சு, தெளிய விட்டு, மேலாக இருக்கற தெளிவ மட்டும் ஊத்தணும். அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் குடிக்க விடணும். பொட்டலம் பிரிச்சு மாசக்கணக்கா ஆன பவுடர்ல வீரியமும் இருக்காது, அதுக்காக ரெண்டு மடங்கு போடுறதும் தப்பு. மாசா மாசம் 5, 20 தேதியில கழுவணும்னு ஊர் மேல்நிலைத் தொட்டியிலயே பெயிண்ட்ல எழுதியிருக்கு. பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு. "மருந்து நாத்தம்"னு ஒரு புள்ளை சொல்லிட்டாப் போதும், அன்னைக்குப் பள்ளி மொத்தமும் உண்ணாவிரதம்.

நடுவுல, கடைசி பெஞ்சுன்னு ஒண்ணு இல்லாம புள்ளைங்கள 'ப' வடிவத்துல உக்கார வைங்கன்னு ஒரு அலை வந்து, அப்புறம் நிறுத்தி வைங்கன்னு அதுவே திரும்பிப் போச்சு. நம்ம புள்ளைங்க பாயில எப்பவுமே வட்டமாத்தான் உக்காருதுங்க. 'ப'ன்னா என்ன, 'ழ' வடிவத்துல உக்காரச் சொன்னாலும் தயார்.

இப்ப முக்கியமான விஷயம். நாலாப்பு ஜன்னலுக்கு வெளிய ஒரு காய்கறிப் பாத்தி இருக்குல்ல, அதுல கத்திரிச் செடி இந்த வருஷம் இடுப்பளவு வந்துடுச்சு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டி, ஃபோட்டோ எடுத்து, ஏத்தியும் ஆச்சு. யாரு இவ்வளவு அக்கறையா தண்ணி ஊத்துறாங்கன்னு பாராட்டலாம்னு பாத்தா, நாலாப்பு அஞ்சாப்புப் பொண்ணுங்க. சாயங்காலம் மணி அடிச்சதும் ஜன்னல் வழியா, பாட்டில் பாட்டிலா. காலையில வீட்டுல நிரப்பிட்டு வந்த தண்ணி, கழுத்து வரைக்கும் அப்படியே. மூணு தண்ணி மணிக்கும் பாட்டில வாயில வச்சிருக்குதுங்க, உள்ள போகல.

ஏன்னு கேட்டா ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுங்க. அப்புறம் சமையல் அக்காகிட்டதான் சொல்லுச்சுங்க. பொண்ணுங்க கழிப்பறையில தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிக்கணும். புடிக்கிறவளுக்கு மணி அடிச்சுட்டா அவ ஓடிடுவா. அதனால குடிக்கறதே இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. காலையில எட்டு மணியிலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்.

தண்ணி குடிக்க மூணு மணி, டேப்ல அதுக்கு ஒரு டிக், ஃபோட்டோ. குடிச்ச தண்ணி எங்க போகும்னு ஒரு வரி எங்கயும் இல்ல. பதினெட்டுப் பொண்ணுங்க, ஒரே கழிப்பறை, ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம்னு வச்சாலும் ஒரு சுத்துக்கு இருபத்தேழு நிமிஷம். எல்லாரும் ஒழுங்கா தண்ணி குடிச்சா கணக்குப் பாடம் வரிசையிலதான் நடக்கும்.

தாழ்ப்பாள் போன வருஷமும் போட்டதுதான். இரும்புத் தாழ்ப்பாள். கழிப்பறைய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவக் கழுவ அரிச்சுப் போயிடும், ஆறு மாசம் கூடத் தாங்காது. அதுமட்டுமில்ல, கதவு பிவிசி. உள்ள வெத்து. ஸ்க்ரூ முறுக்கினா பத்து நாளு புடிக்கும், பதினோராவது நாள் தாழ்ப்பாளோட கையில வந்துடும். அதுக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வர் தாழ்ப்பாள் வாங்கி, கதவுல துளை போட்டு, நட்டு போல்ட்டால ரெண்டு பக்கமும் வாஷர் வச்சு முடுக்கணும். இன்னொண்ணு, பெரியவங்க உயரத்துக்குப் போடுறாங்க பாருங்க, அது ஒண்ணாப்புக்கு எட்டாது. தரையிலருந்து ரெண்டரை அடி போதும். உள்ள மாட்டிக்கிட்டா வெளியிலருந்து தொறக்க ஒரு வழியும் வேணும்.

முப்பத்தெட்டுப் புள்ளைங்களுக்குப் பள்ளி மானியம் 25,000 ரூபாய்னு காகிதத்துல இருக்கு, அதுல பத்து சதவீதம் சுகாதாரத்துக்குன்னும் இருக்கு. அது வர்றப்ப வரட்டும். ஊர்த் தண்ணித் தொட்டி ஆபரேட்டர் அண்ணன் சனிக்கிழமை டிரில்லிங் மிஷினோட வந்து அரை மணி நேரத்துல போட்டுட்டுப் போனாரு. போல்ட், வாஷர் எல்லாம் சேத்து ஒரு பிரியாணி விலை கூட ஆகல. கூலி குடுக்கப் போனா, "எம் பொண்ணும் இங்கதான படிக்குது"ன்னுட்டாரு. அவரு பொண்ணு நாலாப்பு. பாட்டில தூக்கிக்கிட்டு சுத்துதே, அதேதான்.

இப்ப பாட்டில் காலியா வீட்டுக்குப் போகுது. கத்திரிச் செடி வாட ஆரம்பிச்சிருக்கு, சமையல் அக்கா அரிசி களைஞ்ச தண்ணிய அங்க கொண்டுபோய் ஊத்துறாங்க. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வர்றதுக்குள்ள பாத்தி தேறிடணும். மூணு மணி சுத்துக்கு மட்டும் ஒண்ணாப்பு இன்னும் பைய மாட்டிக்கிட்டு எழுந்திரிக்குது, நாலு மணிக்கு ஒரு மணி நேரம் இருக்குன்னா கேக்க மாட்டேங்குது. பாட்டிலக் காட்டினா, தண்ணியக் குடிச்சுட்டுப் பைய மாட்டுது. அதுக்கு வழி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. எதிர் வீட்டு ஆயா கேட்டுல நிக்கிறாங்க.