அந்தத் தகர டப்பா சத்தம்

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ரசிகர்கள் இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்து 'செயின்ட் ஆங்கர்' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2003-ல் வந்த அவர்களுடைய ஆல்பம் அது. டிரம்மர் லார்ஸ் உல்ரிச் ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் ஒவ்வொரு அடியும் 'டணங் டணங்' என்று காலி எண்ணெய் டின்னைத் தட்டுவது போலவே கேட்கும், அதுவும் 75 நிமிடம். கிடாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டின் சோலோ (தனி வாசிப்பு) ஒன்றுகூடக் கிடையாது. பழைய ரசிகர்களுக்கு அது உப்பில்லாத சோறு.

ஆனால் இந்தச் சண்டை அன்று தொடங்கியதல்ல. 1988-ல் ஒன்பது நிமிடத்தைத் தாண்டும் பாட்டெல்லாம் போட்டவர்கள், 1991-ல் பாப் ராக் என்பவரைத் தயாரிப்பாளராகச் சேர்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து, பாட்டையும் சுருக்கியபோதே 'விலைபோய்விட்டார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம்தான் அவர்களுடையதிலேயே அதிகம் விற்றது. நானே அதன் வழியாகத்தான் உள்ளே வந்தேன், அதனால் திட்ட எனக்கு வாய் வராது. 1996-ல் 'லோட்' ஆல்பம் வந்தபோது குழுவினர் முடியை வெட்டியதற்குக்கூட ரசிகர்கள் கோபப்பட்டார்கள்! (பாட்டு கேட்கத் தலைமுடி எதற்கு?)

செயின்ட் ஆங்கர் எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துவிட்டு வந்துதான் அப்படிக் கத்துகிறார் என்று தெரிந்த பிறகு அந்தக் குரல் வேறு மாதிரி கேட்டது. சரி, ஸ்னேரை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.